அதே ரோடு, அதே சைக்கிள்... அப்புறம் எதுக்கு என்ட்ரி ஃபீஸ்? கட்டண சைக்கிள் நிகழ்வுகளுக்குப் பணம் கட்டுவது லாபமா, வீணா?

சைக்கிளுக்குப் பெட்ரோல் போட வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம். டோல்கேட்டில் நிற்க வேண்டாம். ஆனால் 'சைக்ளோத்தான்', 'பிரெவே', 'டூர்' என்று ஏதாவது ஒரு பெயரில் நடக்கும் சைக்கிள் நிகழ்வில் கலந்துகொள்ள மட்டும் பணம் கட்டணும். சில நூறு ரூபாயில் ஆரம்பிக்கும் இந்தக் கட்டணம், தங்கும் இடம், சாப்பாட்டோடு சேர்ந்த பல நாள் பயணம் என்றால் பல ஆயிரங்களைத் தாண்டிப் போகிறது.

'அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே ரோட்டில் சும்மாவே ஓட்டலாமே, எதுக்குப் பணம்?' புதிதாக சைக்கிள் வாங்கிய ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது. 'ஒரு டி-ஷர்ட்டுக்கும் மெடலுக்கும் இவ்வளவா?' என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பதும் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் எல்லா நிகழ்வுகளுக்கும் ஒரே பதில் கிடையாது. சைக்கிள் ஓட்டுவது எப்போதும் இலவசம். சாதாரண நாளில் தனி ஆளால் ஏற்பாடு செய்ய முடியாத ஒன்றை அந்த நிகழ்வு தருகிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைத் தந்தால் கட்டணம் நியாயம். தராவிட்டால், டி-ஷர்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் பணம் வீண்தான்.

எத்தனை வகை நிகழ்வுகள் இருக்கின்றன?

எல்லாவற்றையும் 'சைக்கிள் ஈவென்ட்' என்று ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே நான்கு வகை இருக்கிறது. கட்டணம் சரியா தவறா என்று பார்க்கும் முன், எந்த வகை என்று தெரிந்துகொள்ளணும்.

முதல் வகை, சாலையை மூடி நடத்தும் பெரிய நிகழ்வுகள். குறிப்பிட்ட சில மணி நேரத்துக்கு வாகனங்களை வேறு வழியில் திருப்பிவிட்டு, ஆயிரக்கணக்கானவர்களை ஓட்ட விடுவார்கள். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2023 அக்டோபரில் ஹெச்சிஎல் சைக்ளோத்தான் நடந்தபோது, காலை நேரத்தில் போக்குவரத்து மாற்றப்பட்டது இந்த வகை.

இரண்டாவது வகை, 'பிரெவே' எனப்படும் நெடுந்தூரப் பயணங்கள். இதில் சாலையை மூட மாட்டார்கள். பின்னால் உதவி வண்டியும் வராது. குறிப்பிட்ட நேரத்துக்குள் 200 கி.மீ., 300 கி.மீ. என்று முடிக்கணும்.

மூன்றாவது வகை, பல நாள் டூர். 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரீஸ்' இதற்கு நல்ல உதாரணம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளும் இதன் புகழ்பெற்ற சவால்களில் ஒன்று. இதில் பெட்டி, படுக்கையைச் சுமப்பது, தங்குமிடம், மெக்கானிக் எல்லாம் கட்டணத்தில் அடக்கம்.

நான்காவது வகை, கட்டணமே இல்லாத குழுப் பயணங்கள். ஊருக்கு ஊர் இருக்கும் சைக்கிள் குழுக்கள் வார இறுதியில் சேர்ந்து ஓட்டுவது தொடங்கி, மத்திய அரசின் ஃபிட் இந்தியா இயக்கம் 2024 டிசம்பரில் டெல்லியில் தொடங்கிய 'சண்டேஸ் ஆன் சைக்கிள்' வரை இதில் வரும்.

கட்டும் பணம் எங்கே போகிறது?

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது எந்த நிகழ்வின் உண்மையான கணக்கும் இல்லை, புரிந்துகொள்வதற்கான உதாரணம் மட்டுமே.

ஒரு நிகழ்வில் 500 பேர், ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7.5 லட்சம் ரூபாய். டி-ஷர்ட், மெடல், சைக்கிளில் மாட்டும் எண், நேரம் கணக்கிடும் சிப், காலை டிபன், தண்ணீர் என்று ஆளுக்கு 700 ரூபாய் ஆகிறது என்றால், அதிலேயே 3.5 லட்சம் போய்விடும். மீதி 4 லட்சத்தில்தான் ஆம்புலன்ஸ், தடுப்புகள், வழிகாட்டும் மார்ஷல்கள், மேடை, மைக், ஆன்லைன் பதிவுக்கான கமிஷன், காப்பீடு எல்லாம் சமாளிக்கணும்.

இதே கட்டணத்தில் 5,000 பேர் வந்தால்? கையில் நிற்பது 40 லட்சம். ஆள் பத்து மடங்கு கூடினாலும், அதே 50 கி.மீ. பாதைக்கு தடுப்புகள் பத்து மடங்கு தேவைப்படாது. அதனால்தான் கூட்டம் அதிகம் வரும் நிகழ்வுகளால் சாலையை மூட முடிகிறது, சின்ன நிகழ்வுகளால் முடிவதில்லை. பெரிய நிகழ்வுகளில் ஸ்பான்சர் பணமும் சேரும்.

இதில் கவனிக்க வேண்டியது, டி-ஷர்ட்டும் மெடலும் கண்ணுக்குத் தெரியும் செலவுகள். ஆம்புலன்ஸும் மார்ஷலும் கண்ணுக்குத் தெரியாத செலவுகள். செலவைக் குறைக்க நினைக்கும் அமைப்பாளர் எதில் கை வைப்பார் என்பதை யோசித்தாலே போதும். டி-ஷர்ட் இல்லாவிட்டால் அன்றைக்கே எல்லாரும் கேள்வி கேட்பார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று குறைந்தால், விபத்து நடக்கும் வரை யாருக்கும் தெரியாது.

சாலையை மூடுவதற்கு இவ்வளவு செலவா?

நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது. அங்கே 1977 முதல் நடக்கும் 'ஃபைவ் போரோ பைக் டூர்' உலகின் பெரிய சைக்கிள் நிகழ்வுகளில் ஒன்று. நகரின் ஐந்து பகுதிகளையும் தொட்டு, 40 மைல், அதாவது ஏறத்தாழ 64 கி.மீ. தூரத்துக்கு கார் இல்லாத சாலையில் 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஓட்டுவார்கள்.

2013-ல் நியூயார்க் போலீஸ், போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக ஏறத்தாழ 9.7 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. 32 ஆயிரம் பேர் என்று வைத்து வகுத்தால், போலீஸ் பந்தோபஸ்துக்கு மட்டும் ஆளுக்கு 30 டாலர். நிகழ்வை நடத்தும் 'பைக் நியூயார்க்' அமைப்பு லாப நோக்கமற்றது. இந்த நிகழ்வில் வரும் பணத்தில்தான் ஆண்டு முழுவதும் மக்களுக்கு இலவசமாக சைக்கிள் கற்றுத் தருகிறது. அந்த அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது, தீர்ப்பும் அதற்குச் சாதகமாகவே வந்தது.

சாலையை மூடுவது சும்மா நடப்பதில்லை என்று இந்த வழக்கு காட்டுகிறது. அந்தச் செலவை சைக்கிள்காரர் கட்டுகிறார், அல்லது அரசு ஏற்கிறது, அல்லது ஸ்பான்சர் தருகிறார். யாரோ ஒருவர் கட்டித்தான் ஆகணும்.

அதே நிகழ்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பாதையின் கடைசியில் வரும் வெராசானோ பாலத்தில் நடப்பவர்களுக்கோ சைக்கிளுக்கோ தனிப் பாதை கிடையாது. மற்ற நாட்களில் அந்தப் பாலத்தில் சைக்கிளை மிதித்துக் கடக்க முடியாது. அப்படிப்பட்ட ஒரு இடத்தைத் திறந்துவிடுகிற நிகழ்வுக்கு 100 டாலருக்கு மேல் கட்டணம் என்றாலும் ஆண்டுதோறும் கூட்டம் குறையவில்லை. காசு கொடுத்தாலும் வேறு நாளில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது.

இத்தாலியின் டோலமைட் மலைகளில் 1987 முதல் நடக்கும் 'மரத்தோனா' நிகழ்விலும் இதே கதைதான். பெரிய பாதை 138 கி.மீ., மொத்த ஏற்றம் 4,000 மீட்டருக்கு மேல். அன்றைக்கு மலைப்பாதைகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. கட்டணம் 100 யூரோவைத் தாண்டும். ஆனாலும் விண்ணப்பங்கள் இடத்தைவிடப் பல மடங்கு வருவதால் குலுக்கல் போட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள்.

சாலையை மூடாத நிகழ்வுக்குப் பணம் கட்டலாமா?

குழப்பம் வருவது இங்கேதான். சாலையை மூடாவிட்டால் பணம் வீண் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அதற்கு உதாரணம் பிரெவே.

பிரெவே விதிகளை வகுப்பது, 1904-ல் தொடங்கப்பட்ட பாரிஸ் நகரின் ஆடாக்ஸ் கிளப். இந்தியாவில் 'ஆடாக்ஸ் இந்தியா ராண்டனியர்ஸ்' என்ற அமைப்பின் கீழ் சென்னை உட்படப் பல ஊர்களில் கிளப்புகள் நடத்துகின்றன. நேரக் கணக்கு இதுதான்:

- 200 கி.மீ. - 13 மணி 30 நிமிடம்
- 300 கி.மீ. - 20 மணி நேரம்
- 400 கி.மீ. - 27 மணி நேரம்
- 600 கி.மீ. - 40 மணி நேரம்

200 கி.மீ. பிரெவேயில் மணிக்கு 15 கி.மீ. வேகம் இருந்தாலே போதும். ஆனால் சாப்பிடுவது, பஞ்சர் ஒட்டுவது, தூங்குவது எல்லாம் இந்த நேரத்துக்குள்தான் அடக்கம். வழியில் உள்ள கன்ட்ரோல் பாயின்டுகளில் வந்து போனதற்கு அத்தாட்சி வாங்கணும். ஹெல்மெட், முன் பின் விளக்கு, ஒளி பட்டால் மின்னும் ஜாக்கெட் கட்டாயம். பஞ்சர் ஆனால் அவரவர்தான் ஒட்டிக்கொள்ளணும்.

'அப்போ பணம் கட்டி என்ன கிடைக்குது?' என்று கேட்டால், இரண்டு விஷயங்கள். ஒன்று, ஓட்டிய தூரத்துக்கு உலக அளவில் செல்லுபடியாகும் பதிவு. ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவருக்கு 'சூப்பர் ராண்டனியர்' என்று பெயர். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரான்ஸில் நடக்கும், 90 மணி நேரத்தில் 1,200 கி.மீ. ஓட்ட வேண்டிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நிகழ்வுக்குத் தகுதி பெற இந்தப் பயணங்கள் அவசியம். 2023-ல் நடந்தது, அடுத்து 2027-ல். இந்தப் பதிவைத் தனியாக ஓட்டி வாங்க முடியாது.

இரண்டாவது, துணை. ராத்திரி 2 மணிக்கு ஆளில்லாத நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டுவதும், முன்னும் பின்னும் நாலு பேர் விளக்கோடு போகும்போது ஓட்டுவதும் ஒன்றல்ல.

பிரெவேயில் சாலை மூடுவது, மேடை, பாட்டு, பெரிய ஏற்பாடு எதுவும் கிடையாது. தராத ஒன்றைத் தருவதாக யாரும் சொல்வதும் இல்லை. அதனால் கட்டணமும் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். குறைந்த கட்டணம், குறைந்த வாக்குறுதி. இது நேர்மையான வியாபாரம்.

அப்படியானால் எது மோசமான பேரம்?

சாலையும் மூடாமல், பிரெவே போல நேர்மையாகவும் சொல்லாமல், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நிகழ்வுகள்தான் ஆபத்தானவை. விளம்பரத்தில் வெறிச்சோடிய சாலையில் சைக்கிள்கள் பறப்பதுபோல் படம் இருக்கும். கட்டணமும் பெரிய நிகழ்வுக்கு உரியதாக இருக்கும். போய்ப் பார்த்தால், வழக்கமான பஸ், லாரி, வேன்களுக்கு நடுவேதான் ஓட்டணும். சந்திப்புகளில் விசில் ஊதும் இரண்டு தன்னார்வலர்கள் மட்டும் இருப்பார்கள்.

இதில் பணம் மட்டும் போவதில்லை. மூடிய சாலை என்று நம்பி வருபவர்களில் பலர் முதல்முறை ஓட்டுபவர்கள், பள்ளிப் பிள்ளைகள், 50 வயதைக் கடந்தவர்கள். டைமிங் சிப் கட்டியதும் எல்லாருக்கும் வேகம் வந்துவிடும். கூட்டமாக, வேகமாக, வாகனங்களுக்கு நடுவே ஓட்டுவது, தனியாக நிதானமாக ஓட்டுவதைவிட ஆபத்து. பணம் கட்டியதாலேயே ஒருவர் கூடுதல் ஆபத்தில் சிக்குகிறார் என்றால், அதைவிட மோசமான பேரம் இருக்க முடியாது.

இந்தியச் சாலைகளின் நிலை தெரிந்ததுதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அதில் சைக்கிளில் சென்றவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம். அந்தச் சதவீதம் சின்னதாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான உயிர்கள்.

அதனால் 'சாலை முழுசா மூடியிருக்குமா, பாதி மூடியிருக்குமா, மூடவே இல்லையா?' என்பதுதான் பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. 'போலீஸ் ஒத்துழைப்புடன்' என்ற வார்த்தை இதற்குப் பதில் ஆகாது. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கிருந்து எங்கே வரை என்று தெளிவாகச் சொன்னால்தான் அது பதில். உண்மையிலேயே சாலை மூடப்படும் என்றால், போக்குவரத்து மாற்றம் பற்றிய போலீஸ் அறிவிப்பும் முன்கூட்டியே வெளியாகும்.

விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

பெரும்பாலான நிகழ்வுகளில் பதிவு செய்யும்போதே, 'என்ன நடந்தாலும் என் பொறுப்பு' என்ற அர்த்தத்தில் ஒரு உறுதிமொழியை டிக் அடிக்கச் சொல்வார்கள். பலர் படிக்காமலேயே டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள்.

அதைப் படிக்கணும். காப்பீடு உண்டா, எவ்வளவு, விபத்துக்கு மட்டுமா அல்லது நெஞ்சுவலி, வெயிலில் மயக்கம் போன்றவற்றுக்கும் சேர்த்தா என்று பார்க்கணும். அதில் இல்லாவிட்டால், தன் சொந்த மருத்துவக் காப்பீட்டில் போட்டி நிகழ்வுகளுக்கு விலக்கு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டுச் சாலைகளில் விபத்தில் சிக்குபவர்களுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. 108 ஆம்புலன்ஸும் இருக்கிறது. இவை எல்லாருக்கும் உள்ளவை, நிகழ்வு நடத்துபவர் தருபவை அல்ல. நிகழ்வு நடத்துபவர் பணம் வாங்கினால், இதற்கு மேல் தரணும். பாதையில் எத்தனை ஆம்புலன்ஸ், விழுந்தவரிடம் எத்தனை நிமிடத்தில் வந்து சேரும், எந்த மருத்துவமனையோடு ஏற்பாடு என்று கேட்டால் உடனே பதில் வரணும்.

நிகழ்வு ரத்தானால் பணம் திரும்ப வருமா?

எவ்வளவு நன்றாக நடத்தினாலும் இயற்கை கையில் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் சைக்கிள் டூர் உலகப் புகழ் பெற்றது. வழக்கமான தூரம் 109 கி.மீ. ஆனால் 2015-ல் காட்டுத்தீயால் 47 கி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது. 2017-ல் ஆளையே தள்ளிவிடும் காற்று வீசியதால், அன்று காலையே நிறுத்தப்பட்டது. 2014-ல் லண்டனின் 100 மைல் நிகழ்வு, புயல் மழையால் 86 மைலாகக் குறைந்தது.

சென்னையிலோ கடலோர மாவட்டங்களிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிகழ்வு என்றால், மழைக்கும் புயலுக்கும் வாய்ப்பு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் 'ரத்தானால் என்ன?' என்ற விதியை முன்கூட்டியே படிப்பது அவசியம். சிலர் பணத்தைத் திருப்பித் தருவார்கள். சிலர் அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்கள். சிலர் எதுவுமே தர மாட்டார்கள்.

புயலால் ரத்தாவது வேறு, சொன்னதைச் செய்யாமல் விடுவது வேறு. மூடிய சாலை என்று விளம்பரம் செய்துவிட்டு மூடாமல் விட்டால், மெடிக்கல் உதவி உண்டு என்று சொல்லிவிட்டு ஆளே இல்லாமல் போனால், அது சேவைக் குறைபாடு. பணம் கட்டிச் சேவை வாங்கியவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி புகார் செய்யலாம்.

- தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் புகார் சொல்லலாம்.
- தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.
- பிரச்சினை நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யணும்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேணும். விளம்பரப் படம், பதிவு செய்த மெயில், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த தகவல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நிகழ்வு முடிந்த பிறகு இணையப் பக்கம் காணாமல் போகலாம்.

யாருக்கு லாபம், யாருக்கு வீண்?

புதிதாக ஓட்ட ஆரம்பித்தவருக்கு, ஒரு தேதி குறித்துப் பணம் கட்டுவது பெரிய உந்துதல். 'காசு கட்டியாச்சு' என்பதற்காகவே அதிகாலையில் எழுந்து பயிற்சி செய்வார்கள். மூன்று மாதம் ஒழுங்காக ஓட்டினால், அந்தப் பழக்கமே கட்டணத்துக்கு ஈடாகிவிடும். ஆனால் இது முதல் ஒன்றிரண்டு நிகழ்வுகளுக்குத்தான் பொருந்தும். பழக்கம் வந்தபின் உந்துதலுக்காக மட்டும் மாதாமாதம் பணம் கட்டத் தேவையில்லை.

பெண்களுக்கும், பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் மூடிய சாலை நிகழ்வுகள் கூடுதல் மதிப்பு உள்ளவை. அதிகாலை இருட்டில் தனியாக ஓட்டத் தயங்குபவர்களுக்கு, கூட்டமும் வெளிச்சமும் உள்ள ஒரு காலை நேரம் உண்மையிலேயே வேறு நாளில் கிடைக்காத ஒன்று.

வாரம் நூறு கி.மீ. ஓட்டும் பழக்கமுள்ளவர்களுக்கு, உள்ளூரில் நடக்கும் 25 கி.மீ. நிகழ்வு பெரிதாக எதையும் தராது. அந்தப் பணத்தில் இரண்டு நல்ல டயரோ, பின்புற விளக்கோ வாங்கினால் ஆண்டு முழுவதும் உழைக்கும். அவர்களுக்கு பிரெவேயோ, மலைப்பாதை டூரோதான் பணத்துக்குப் பொருத்தம்.

பல நாள் டூரின் கட்டணம் பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனால் அதே பாதையில் தனியாகப் போனால் லாட்ஜ், சாப்பாடு, பெட்டியைச் சுமக்க ஒரு கார், டிரைவர் பேட்டா என்று எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பார்க்கணும். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு வாடகை வேனோடு போனால் பல நேரம் செலவு குறையும். தனி ஆளாகப் போவதென்றால், டூரில் சேர்வதே கட்டுப்படியாகலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. சாலை மூடப்படுமா? எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை?
2. ஆம்புலன்ஸ் எத்தனை? எங்கெங்கே நிற்கும்?
3. தண்ணீர், உணவு எத்தனை கி.மீ.க்கு ஒரு இடத்தில்? கடைசியாக வருபவருக்கும் மிச்சம் இருக்குமா?
4. பாதியில் நின்றால் ஏற்றிவர வண்டி உண்டா?
5. காப்பீடு எவ்வளவு, எதற்கெல்லாம்?
6. ரத்தானால் பணம் என்ன ஆகும்?
7. சென்ற ஆண்டு கலந்துகொண்டவர்கள் என்ன சொல்கிறார்கள்?

இதில் முதல் ஐந்துக்கும் நேரடிப் பதில் கிடைத்தால் தாராளமாகக் கட்டலாம். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், டி-ஷர்ட் சூப்பரா இருக்கும்' என்று பதில் வந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சும்மா ஓட்டுவதே மேல்.

மூடிய சாலை இலவசமாகக் கிடைக்காதா?

கிடைக்கும். கொலம்பியா நாட்டின் தலைநகர் போகோட்டாவில் 1974 முதல் 'சிக்லோவியா' நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை, 120 கி.மீ.க்கு மேல் சாலைகளில் மோட்டார் வாகனம் கிடையாது. சைக்கிள், நடை, ஓட்டம் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். பதிவு இல்லை, கட்டணம் இல்லை, மெடலும் இல்லை.

இந்தியாவில் 2013-ல் குருகிராமில் தொடங்கிய 'ராஹ்கிரி', பின்னர் சென்னை, கோவையில் நடந்த 'ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்' எல்லாம் இதே யோசனைதான். ஆனால் இங்கே இவை ஒரு தெரு, சில வாரங்கள் என்ற அளவில்தான் நடக்கின்றன. வாரம் தவறாமல், நகரம் முழுக்க என்ற நிலை வரவில்லை.

கேப் டவுன் நிகழ்வின் வரலாறும் இங்கே கவனிக்கத்தக்கது. ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டிக் கலந்துகொள்ளும் அந்த நிகழ்வு, சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று கேட்டு நடந்த ஊர்வலத்திலிருந்து பிறந்தது. 1978-ல் நடந்த முதல் போட்டியில் சில நூறு பேர்தான். கோரிக்கையாகத் தொடங்கியது, ஆண்டுக்கு ஒருநாள் திருவிழாவாக வளர்ந்தது.

தமிழ்நாட்டில் சைக்கிள் ஓட்டுபவர்களில் பெரும்பாலானோர் எந்த நிகழ்விலும் பதிவு செய்பவர்கள் அல்ல. அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், விடியலில் பால், பேப்பர் போடுபவர்கள், ஷிஃப்டுக்குப் போகும் தொழிலாளர்கள். இவர்கள் ஓட்டும் சாலையில் மார்ஷலும் இல்லை, தடுப்பும் இல்லை, பின்னால் ஆம்புலன்ஸும் வருவதில்லை.

அதனால் 'கட்டணம் கட்டலாமா?' என்ற கேள்விக்குப் பதில்: சாலை, பாதுகாப்பு, துணை, பதிவு இதில் ஏதாவது ஒன்றை உண்மையாகவே தருகிற நிகழ்வு என்றால் கட்டலாம், தயங்க வேண்டாம். ஆனால் ஒருநாள் காலையில் மூன்று மணி நேரம் பயமில்லாமல் ஓட்டுவதற்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க இவ்வளவு பேர் தயாராக இருக்கிறார்கள் என்றால், மீதி 364 நாளும் அந்தச் சாலை எப்படி இருக்கிறது என்பதையும் அந்தக் கூட்டமே சொல்லிவிடுகிறது. அதைச் சரிசெய்ய வேண்டியது நிகழ்வு நடத்துபவர்கள் அல்ல, மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும்தான்.